ஃபிரிட்ஜின் வயது, ஆயுள், கொள்ளளவு, பராமரிப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

படிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு வேலை. எழுந்து போய் உங்கள் ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டிலோ பின்புறத்திலோ உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும், சில மாடல்களில் சுருக்கென்று சுடவும் செய்யும். அது கோளாறு அல்ல. சற்று முன்புவரை உள்ளே பாலிலும் காய்கறியிலும் இருந்த வெப்பமும் அதில் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கம்ப்ரசர் ஒரு வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. பின்புறத்திலோ பக்கச் சுவருக்குள்ளோ ஓடும் கண்டன்சர் குழாய்கள் வழியே அந்தச் சூடு வெளியேற, வாயு திரவமாகிறது. பிறகு உட்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய குழாய்க்குள் நுழைந்து, அழுத்தம் குறைந்த ஃபிரீசர் பகுதிக்கு வந்ததும் ஆவியாகி, அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. எல்லாம் மூடிய சுற்று. பெட்ரோல் போல எதுவும் தீர்ந்துபோவதில்லை.

எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை லிட்டர் வேண்டும், எப்போது துடைக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரே வேலையில் வந்து நிற்கின்றன. வெப்பத்தை வெளியே தள்ள அது எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

படி 1: வயதைக் கண்டுபிடியுங்கள்

வாங்கிய ரசீது கையில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கும், குடிவந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று நிற்கக் கண்டவர்களுக்கும்தான் இது முக்கியம்.

முதலில் விவரத் தகட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் உள்ளே, காய்கறித் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும். சில மாடல்களில் பின்புறம் கம்ப்ரசருக்கு அருகில் இருக்கும். காய்கறித் தட்டை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். மாடல் எண், வரிசை எண், லிட்டர் அளவு, உள்ளே இருக்கும் வாயுவின் பெயர், அதன் எடை கிராமில் என எல்லாம் அதில் உண்டு. தயாரித்த மாதமும் ஆண்டும் நேரடியாக அச்சாகியிருந்தால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் வரிசை எண்ணில் அது ஒளிந்திருக்கும். சில நிறுவனங்கள் ஆண்டையும் வாரத்தையும் நான்கு இலக்கங்களில் சேர்த்து எழுதுகின்றன. அத்தகைய எண்ணில் 1723 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வேறு சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஓர் எழுத்தை வைக்கின்றன. எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால் ஒரே எழுத்து வெவ்வேறு காலத்து இரண்டு ஆண்டுகளைக் குறிக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வாயுவின் பெயர் கைகொடுக்கும்.

தகட்டில் ஆர்-12 என்று இருந்தால் அது மிகப் பழைய பெட்டி. ஓசோன் படலத்தை அரிக்கும் இந்த வாயுவைக் கைவிட 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. வளர்ந்த நாடுகள் 1996 தொடக்கத்திலும் வளரும் நாடுகள் 2010இலும் அதன் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று காலக்கெடு வைக்கப்பட்டது. அதன் இடத்தை 1990களில் ஆர்-134ஏ பிடித்தது. ஐசோபியூட்டேன் எனப்படும் ஆர்-600ஏ நிரப்பிய பெட்டிகள் 1993இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வரத் தொடங்கின. இன்று வீட்டு ஃபிரிட்ஜ்களில் அதுவே பரவலாக இருக்கிறது. ஆகவே ஆர்-600ஏ என்று எழுதிய பெட்டியை 1985இல் செய்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாகக் கம்ப்ரசரைப் பாருங்கள். அந்தக் கறுப்பு உருண்டையில் தனியாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பலவற்றில் அதற்கென்று தனித் தேதி உண்டு. கம்ப்ரசர் பெட்டியைவிடச் சில மாதம் மூத்ததாக இருப்பது இயல்பு. ஐந்தாறு ஆண்டு இளையதாக இருந்தால் இடையில் மாற்றியிருக்கிறார்கள். விற்கிறவர் ஒரு பழுதும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஸ்டிக்கரை அவருக்கும் காட்டுங்கள்.

படி 2: ஆயுளைக் கணக்கிடுங்கள்

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 10 முதல் 15 ஆண்டுகள். அறையில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ்கள் இதைவிடக் குறைவாகவே தாங்கும். ஆனால் இது சராசரிதான். 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்ற, தலைக்கு மேல் உருண்டையான கம்ப்ரசரைச் சுமந்த ‘மானிட்டர் டாப்’ பெட்டிகளில் சில இன்றும் சேகரிப்பாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எது முதலில் போகும்? என் அனுபவத்தில் ரப்பரும் மின்னணு அட்டையும்தான்; கம்ப்ரசர் கடைசியில். கதவு ரப்பர் விறைத்துப்போகிறது. பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் ஃபிராஸ்ட் ஃப்ரீ மாடல் என்றால் விசிறி, ஹீட்டர், சென்சார் என்று கெட்டுப்போகக்கூடிய உறுப்புகள் கூடுதல். ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் மாடலில் இவை எதுவும் கிடையாது. பனியைக் கையால் கரைக்க வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் நீண்ட ஆயுள்தான் குறி என்றால் நான் அதையே வாங்குவேன்.

சுவருக்குள் இருக்கும் நுரைக் காப்பும் வயதாகும். அது மெதுவாக ஈரம் உறிஞ்சி, வெப்பத்தைத் தடுக்கும் திறனை இழக்கும். வெளித் தகட்டில் ஒரே இடத்தில் எப்போதும் வியர்த்து நின்றால் அந்த இடத்தில் நுரை போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மருந்து இல்லை.

வயதைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் மாட்டும் சிறிய மின் அளவி ஒன்றை இரவல் வாங்கி 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஆண்டுக்கு 250 யூனிட் என்று மின்சாரச் சிக்கன லேபிளில் போட்டிருந்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 0.7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வெயில் காலத்தில் அது கொஞ்சம் கூடுவது இயல்பு. 1.4 யூனிட் காட்டினால், உங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நான்கு வயதுப் பெட்டி இப்படிக் காட்டினால் அது கிழடு. பதினான்கு வயதுப் பெட்டி லேபிளை ஒட்டியே ஓடினால் அதை நிம்மதியாக விட்டுவிடலாம்.

படி 3: கொள்ளளவைப் புரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படும் லிட்டர் பல நேரம் மொத்தக் கொள்ளளவு. தட்டு, விளக்கு, காற்றுப் பாதை எல்லாவற்றையும் கழித்தால் கிடைப்பது நிகரக் கொள்ளளவு. நீங்கள் பொருள் வைக்கப்போவது இரண்டாவதில்தான். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு நாடா இருந்தால் நீங்களே அளக்கலாம். உட்புற அகலம், ஆழம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். அகலம் 50, ஆழம் 40, உயரம் 100 என்றால் 200 லிட்டர். கீழே பின்பக்கம் கம்ப்ரசருக்காக உள்ளே துருத்தியிருக்கும் மேட்டைத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். கன அடியில் சொன்னால் 28.3ஆல் பெருக்குங்கள்.

எத்தனை லிட்டர் வேண்டும் என்பதற்கு ஒரு பெரியவருக்கு நான்கு முதல் ஆறு கன அடி, அதாவது ஏறக்குறைய 115 முதல் 170 லிட்டர் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிற நால்வரும், தினமும் வாங்கித் தினமும் சமைக்கிற நால்வரும் ஒன்றல்ல. இதற்கு ஒரு வழி இருக்கிறது. மொத்தமாகப் பொருள் வாங்கி அடுக்கிய அன்று மாலையில் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு படம் எடுங்கள். அடுத்து வாங்கப் போவதற்கு முந்தைய இரவு இன்னொரு படம். முதல் படத்தில் பின்சுவர் தெரியாத அளவுக்கு அடைந்திருந்தால் பெட்டி சிறியது. இரண்டாவது படத்தில் மூன்று வாரப் பாத்திரம் ஒன்று மூலையில் பதுங்கியிருந்தால், குறை பெட்டியின் அளவில் இல்லை.

குளிர்ப் பகுதி முக்கால்வாசி நிறைந்திருப்பது நல்லது. காற்று ஓட இடம் வேண்டும். ஃபிரீசரில் இது தலைகீழ். உறைந்த பொருள்கள் ஒன்றையொன்று குளிரில் தாங்கிக்கொள்வதால் நெருக்கமாக இருக்கலாம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதவரை குளிர்ப் பகுதி சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும்.

ஃபிரீசர் கதவில் உள்ள நட்சத்திரக் குறிகளை மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபிரீசரில் ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. நான்கு இருந்தால்தான் புதிய பொருளை அதிலேயே உறைய வைக்கலாம். மற்றவை ஏற்கெனவே உறைந்ததைக் காத்துவைக்க மட்டுமே.

படி 4: சரியான இடத்தில் நிறுத்துங்கள்

வெப்பத்தைக் கொட்ட இடம் வேண்டும். கையேட்டில் சொன்ன இடைவெளியை விடுங்கள். கையேடு இல்லையென்றால் பின்னால் 5 முதல் 10 சென்டிமீட்டர், பக்கங்களிலும் மேலேயும் கொஞ்சம். அடுப்பருகிலும் வெயில் விழும் சன்னலருகிலும் வேண்டாம். மேலே துணி விரித்து அதன் மேல் பெட்டிகளை அடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

தகட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓரிரு எழுத்துகள் இருக்கும். எஸ்.என். (SN) என்றால் சுற்றுப்புறம் 10 முதல் 32 டிகிரி வரை, என் (N) என்றால் 16 முதல் 32, எஸ்.டி. (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை தாங்கும்படி செய்தது. கடும் வெயில் அடிக்கும் ஊரில் ‘என்’ (N) வகுப்புப் பெட்டி மூச்சு வாங்கியே காலத்தைக் கழிக்கும்.

முன்கால்களை அரைச் சுற்றுத் திருகி, முன்பக்கம் மிக லேசாக உயர்ந்திருக்கும்படி செய்யுங்கள். பாதி திறந்த கதவு தானாக மெல்ல மூட வேண்டும். வண்டியில் கொண்டுவரும்போது படுக்க வைத்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுவிட்டே மின்சாரம் கொடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களிலிருந்து இறங்கித் தன் இடத்துக்கு வர வேண்டும். நிறுத்திய ஃபிரிட்ஜை உடனே போடக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. உள்ளே இருபுறமும் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது தேவை. மின்சாரம் அடிக்கடி போய் வரும் இடத்தில் இந்தத் தாமதத்தைத் தானே கொடுக்கும் ஸ்டெபிலைசர் கம்ப்ரசருக்கு ஆயுள் காப்பீடு.

படி 5: உண்மையான குளிரை அளங்கள்

குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவே. வெயில் காலத்தில் ‘சூடு அதிகம், குறைத்து வைப்போம்’ என்று எண்ணைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் படியுங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் உறையக் கூடாது. ஃபிரீசரில் பொட்டலங்களுக்கு நடுவே செருகினால் மைனஸ் 18. கதவின் உட்தட்டுதான் பெட்டியிலேயே சூடான இடம். பாலை அங்கே வைக்கும்படிதான் பெரும்பாலான பெட்டிகளைச் செய்திருக்கிறார்கள். பாலை உள்தட்டுக்கு மாற்றிவிட்டுச் சாஸ் பாட்டில்களைக் கதவுக்கு அனுப்புங்கள். பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சொட்டாத பாத்திரத்தில்.

படி 6: பராமரிப்பு

முதலில் கதவு ரப்பர். மெக்கானிக்குகள் காஸ்கெட் என்பார்கள். உள்ளே காந்தப் பட்டை ஓடுகிறது. ஒரு தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாளை ரப்பர் இறுகப் பிடித்துக்கொண்டால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீல் இருக்கும் பக்கத்து மூலைகளில், சோதியுங்கள். பல நேரம் ரப்பரின் மடிப்பில் அழுக்குதான் சேர்ந்திருக்கும். மிதமான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியை நனைத்து மடிப்புக்குள் ஓட்டினால் சரியாகிவிடும். நெளிந்திருந்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் இளக்கி வடிவத்துக்குக் கொண்டுவரலாம். விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதுதான் வழி.

அடுத்து கண்டன்சர். பின்புறம் கறுப்புக் கம்பி வலை தெரிந்தால், ஆண்டுக்கு இருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் தூசியை இறக்குங்கள். வீட்டில் முடி உதிர்க்கும் நாயோ பூனையோ இருந்தால் நான்கு முறை. குழாய்கள் பக்கச் சுவருக்குள் இருக்கும் மாடலில் இந்த வேலை இல்லை; பக்கவாட்டு இடைவெளியைக் காத்தால் போதும்.

டைரக்ட் கூல் பெட்டியில் பனி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கரைக்க வேண்டும். பனி ஒரு போர்வை. அது தடித்தால் உள்ளே இருக்கும் வெப்பம் குழாயை எட்டாது. இங்கே ஒரு பழைய தவறைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் வரும் அவசரத்தில், ஒட்டிக்கொண்ட பனித் தட்டை நெம்ப நான் கத்தியை எடுத்தேன். இரண்டாவது நெம்பலில் ‘உஸ்’ என்று ஒரு சீறல், பத்து விநாடி, பிறகு அமைதி. ஃபிரீசரின் அந்த அலுமினியத் தகடுதான் குழாய். அதில் குண்டூசித் தலையளவு ஓட்டை விழுந்து மொத்த வாயுவும் போயிருந்தது. ஆறு வயதுப் பெட்டி அன்றோடு முடிந்தது. அணைத்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். அரை மணியில் பனி தானாகக் கழன்று விழும். உங்கள் பெட்டியில் இருப்பது எரியக்கூடிய ஆர்-600ஏ என்றால் அந்தச் சீறலுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: எந்த சுவிட்சையும் தொடாமல் சன்னல்களைத் திறக்க வேண்டும்.

ஃபிராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் மறைவாக இருக்கும் ஹீட்டர் அவ்வப்போது பனியைக் கரைக்கிறது. அந்த நீர் ஒரு துளை வழியே கீழிறங்கி, கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் விழுந்து, சூட்டில் ஆவியாகும். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பத்தில் எட்டு முறை இந்தத் துளையில் அடைப்பு. வெந்நீரைச் சிறிய பம்ப் மூலம் பீய்ச்சினால் திறந்துகொள்ளும்.

உட்புறத்தைச் சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் துடைத்தாலே வாடை போகும்.

படி 7: சத்தத்தைக் கேளுங்கள்

களகளவென்ற ஒலி குழாயில் திரவம் ஓடுவது. இரவில் ‘டக்’ என்று ஒரு விரிசல் ஒலி, பிளாஸ்டிக் சுருங்கி விரிவது. சூடான கல்லில் நீர் தெளித்தது போன்ற சுரீர் ஒலி, பனிநீர் ஹீட்டரில் சொட்டுவது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் நிற்காமல் மெல்ல ஓடிக்கொண்டே இருப்பதும் இயல்புதான்.

கவனிக்க வேண்டியது இது: ஒரு முனகல், சில விநாடியில் ‘கிளிக்’, சில நிமிடம் அமைதி, மறுபடி முனகல், கிளிக். கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சிறு சுவிட்சான ரிலே போயிருந்தால் எளிதில் மாற்றலாம். கம்ப்ரசரே இறுகியிருந்தால் செலவு பெரிது. எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 8: பழுது பார்ப்பதா, மாற்றுவதா

காஸ்கெட், தெர்மோஸ்டாட், ரிலே, விசிறி, அடைப்பு, விளக்கு ஆகியவற்றை எந்த வயதிலும் சரிசெய்யலாம். கம்ப்ரசர் மாற்றுவதும், நுரைக்குள் புதைந்த குழாயில் கசிவைத் தேடுவதும் வேறு கணக்கு. பழுதுச் செலவு புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டி, பெட்டியும் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

‘கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் போதும்’ என்ற பேச்சில் மட்டும் விழாதீர்கள். மூடிய சுற்றில் வாயு தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புகிறவர் சில மாதத்தில் மறுபடி வருவார். என் வீட்டுக்கு ஒருவர் இப்படி இரண்டு முறை வந்தார்; மூன்றாவது முறை வேறு ஆளைக் கூப்பிட்டேன். அவர் சோப்பு நுரையைத் தடவி, ஒரு மூட்டில் குமிழி விடுவதைக் காட்டினார்.

படி 9: விடைகொடுக்கும்போது

வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும் மறுசுழற்சி நிலையத்திடம் கொடுங்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால் புவியை வெப்பமாக்குவதில் அது ஒரு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்.

பெட்டியைக் கொல்லையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு நாள் வைப்பதென்றாலும் முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜ்களில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே சிக்கி மூச்சுத் திணறி இறந்ததால்தான், உள்ளிருந்தும் திறக்கும் கதவு வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் போட்டது. காந்த ரப்பர் பரவியது அதன் பிறகுதான். காந்தக் கதவு தள்ளினால் திறக்கும். ஆனால் சுவரைப் பார்த்து நிற்கும் பெட்டியிலோ கதவு கீழே இருக்கும்படி கிடக்கும் பெட்டியிலோ ஒரு சிறு குழந்தையால் அதைத் தள்ள முடியாது. கதவைக் கழற்ற, கீலில் உள்ள இரண்டு மூன்று திருகுகள்தான். தட்டுகளை உள்ளேயே விட்டுவைத்தால் யாரும் நுழைய இடமும் இருக்காது.